கருமாதியன்று தேர்தல்

வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் காசிமாயன் இறந்து மூன்று நாள் ஆகிறது. ஏலக்காய் மணக்கும் அவர் வீட்டு முற்றத்தில், மங்கிய மழை வெளிச்சத்தில், செயலாளர் ஜெபமணி ஈரக்குடையை மடக்கியபடி நிற்கிறார். இந்த மாதத்துக்குள் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால், விதிப்படி சங்கம் அரசு அதிகாரியின் கைக்குப் போய்விடும். அறிவிப்புக்கு விட வேண்டிய நாள்கள் போக மிஞ்சுவது ஒரே ஞாயிறு. அன்றுதான் கருமாதி. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார்.

"தேர்தல் சோலியாத்தானே வந்தீக, அண்ணே?" என்கிறாள் காசிமாயனின் மனைவி பொன்னுமணி, கதவைப் பிடித்தபடி.

"கருமாதியன்னைக்கு வருது, தங்கச்சி."

"அன்னைக்கே வைங்க. மலை மேல குரங்கணியில இருக்குற நம்ம சங்கத்து ஆளுக இவுக கருமாதிக்கு எப்படியும் எறங்கி வருவாக. இந்த மழையில இன்னொரு தடவை வர முடியுமா? காலையில சடங்கு, மத்தியானம் ஓட்டு."

ஜெபமணி குனிந்தபடி தலையசைக்கிறார். கூரை ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

"என் பேர்லயும் ஒரு பங்கு இருக்கு. நானும் வர்றேன்" என்கிறாள். பிறகு குரல் இறங்குகிறது. "யாருக்குப் போடணும்னுதான் இவுக சொல்லாமப் போயிட்டாக."