பதினேழுக்குப் பதினேழு

"பொருந்தாது அண்ணே," என்றான் கலோயான், விற்பனைக்கு வைத்திருந்த காலி கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல்.

லாரி டிரைவர் மெத்தோடிக்குப் புரியவில்லை. கையோடு கொண்டுவந்த பழைய மதர்போர்டை மேசைமேல் வைத்தார். காலை எட்டு மணி. இந்தப் பையன் கதவைத் திறந்தான், காபி போட்டான், ஒரு கோப்பையை அவரிடம் தந்தான், தன்னுடையதைக் குடிக்காமலே கொட்டிக் கழுவினான். அதன் பிறகு சொன்ன முதல் வார்த்தையே இதுதான். ஜன்னலோரம் காலி ஊறுகாய் ஜாடிகள் மூடியோடு வரிசையாக நின்றன.

"சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி விற்பனைக்குன்னு விளம்பரம் கொடுத்தது இந்த வீடுதானே தம்பி? செப்டம்பர் கடைசியில, ஸ்பெயினுக்கு லாரி எடுத்த அன்னிக்கே ஃபோன் பண்ணினேன். உங்க வீட்டுக்காரம்மா பேசினாங்க. அப்புறம் ஊர் ஊரா அலைஞ்சதுல இன்னிக்குத்தான் வர முடிஞ்சது."

கலோயான் நிமிர்ந்தான். "அவ என்ன சொன்னா?"

"'போர்டு பதினேழுக்குப் பதினேழு சென்டிமீட்டர்னா தாராளமா உட்காரும். நானே ரெண்டு தடவை அளந்தேன்'னாங்க."

கலோயான் டேப்பை எடுத்து அளந்தான். பதினேழுக்குப் பதினேழு.

"பின்பக்கத் தகடு இடிக்கும். போர்டு ரொம்பப் பழசு."

"அதையும் கேட்டேனே. 'இடிச்சா என் வீட்டுக்காரர் அரம் போட்டுத் தேய்ச்சுத் தருவார். சும்மா உட்கார்ந்திருந்தா அவருக்குக் கிறுக்குப் பிடிச்சுடும்'னு சிரிச்சாங்க."

கலோயானின் உதடு லேசாக அசைந்தது. போர்டைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தான். தகடு இடிக்கவில்லை.

"தம்பி, நாளைக்கு விடியறப்ப இஸ்தான்புல்லுக்குக் கிளம்பணும். என் செஸ் ஆட்டம் இந்தப் போர்டுல மட்டும்தான் ஓடுது. பதினஞ்சு வருஷமா அதுகிட்ட தோத்துக்கிட்டே இருக்கேன். லாரியில படுக்கைக்குப் பின்னாடி இருக்கறது ஒரு சாண் இடம். உங்க பெட்டி ஒண்ணுதான் அங்க நுழையும்."

"விசிறி உயரமா இருக்கு. மூடி மூடாது."

"விக்க இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க."

"விசிறியைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க. 'முட்டினா, சின்ன விசிறி ஒண்ணு டிராயர்ல கெடக்கு. இவர்தான் எதையும் தூக்கிப் போட மாட்டாரே'ன்னாங்க."

போர்டில் இருந்த விசிறியோடேயே மூடி அழகாக மூடிக்கொண்டது.

"வேற?"

"வேற என்ன தம்பி?"

"வேற ஏதாவது சொன்னாளா?"

"கால் மணி நேரம் பேசினாங்க. எனக்கு ஞாபகம் இருக்கறது இவ்வளவுதான்."

"எத்தனை மணி இருக்கும்?"

"பதினொண்ணு."

"நான் வேலைக்குப் போயிருந்தேன்," என்றான் கலோயான். நான்கு திருகாணிகளையும் முடுக்கிப் பெட்டியை அவர் கையில் கொடுத்தான். "உட்காருது. எடுத்துட்டுப் போங்க."

உட்காரும் என்று தெரிந்துகொண்டே எதற்கு இத்தனை நேரம் இழுத்தடித்தான்? மெத்தோடி குழம்பியபடி மூன்று மாடி இறங்கினார். கட்டடத்தின் வாசல் கதவில், அந்த ஊரின் எல்லா வாசல்களிலும் போல, இறந்தவர்களின் படம் போட்ட இரங்கல் தாள்கள் ஒட்டியிருந்தன. யார் நின்று படிக்கிறார்கள்? வரும்போது அவரும் படிக்கவில்லை. இப்போது இரண்டு கைகளிலும் பெட்டி. தோளால் கதவைத் தள்ளியபோது ஒரு புகைப்படம் முகத்துக்கு நேரே வந்தது. சிரிக்கும் இளம்பெண். நெவேனா. விளம்பரத்தில் இருந்த பெயர். நாற்பதாம் நாள் நினைவு. கீழே இருந்த மரணத் தேதி, அவர் ஸ்பெயினுக்குக் கிளம்பிய நாள்.

பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு மூன்று மாடியும் திரும்ப ஏறினார். கலோயான் கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றிருந்தான்.

"ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி," என்றார் மூச்சிரைக்க. "கடைசியா ஃபோனை வைக்கறப்ப சொன்னாங்க. 'சரிங்க, வச்சிடறேன், பால்கனியில ஊறுகாய்க்குச் சுடற குடைமிளகாய் கருகுது.'"