ஒரே தொட்டித் தண்ணீர்

செங்கல் சூளையில் வெகுநாளாகச் சுமை தூக்கிய பொதியப்பன் என்ற கழுதைக்குத் துணையாக ஒரு வரிக்குதிரை வேலைக்கு வந்து சேர்ந்தது. பார்த்ததுமே பொதியப்பனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அங்கே இருந்ததோ ஒரே தண்ணீர்த் தொட்டி. இது வாய் வைத்தால் அதன் கறுப்புக் கோடுகளின் சாயம் தண்ணீரில் இறங்கிவிடாதா?

மத்தியான வெயிலில் இரண்டும் தொட்டிக்கு வந்தன.

“நீங்க முதல்ல குடிங்க,” என்றது பொதியப்பன். சாயம் போகிறதா என்று பார்த்துவிடலாமே!

“ஐயோ, நீங்கதான் மூத்தவர். நீங்க குடிங்க,” என்றது வரிக்குதிரை.

மரியாதை நீண்டுகொண்டே போனது. இரண்டுக்கும் நாக்கு வறண்டது.

கடைசியில் வரிக்குதிரை தயங்கித் தயங்கிச் சொன்னது: “தப்பா நினைக்காதீங்க அண்ணே. உங்க மேல இருக்கிற சாம்பல் தண்ணியில கரையும்னு எங்க ஊர்ல சொன்னாங்க.”

“சாம்பலா? இது என் பிறவி நிறம்யா! சாயம் போறது உனக்குத்தான்!”

“எனக்கா?”

இரண்டும் ஒன்றையொன்று முறைத்தன. ஆனால் தாகம் பொறுக்கவில்லை. ஒரே நேரத்தில் மூக்கை முக்கி மடமடவென்று குடித்தன. தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

வரிக்குதிரை அந்தப் பக்கம் திரும்பியதும், பொதியப்பன் தொட்டிக்குள் எட்டித் தன் முகத்தைப் பார்த்தது. ஒரு கோடுகூட ஒட்டவில்லை. அதற்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.