ஜெயித்த பரிசல்

திருவிழாப் பரிசல் போட்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் ஓட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். நடு ஆற்றுக்கு வந்ததும் பிள்ளைகள், "ஒரு சுத்து சுத்து பரிசலே," என்று எப்போதும்போலக் கெஞ்சினார்கள்.

பரிசலுக்கும் ஆசைதான். துடுப்பைப் பார்த்தது.

"முதல்ல ஜெயிப்போம்ணே. சுத்துறது எங்க ஓடிப்போகுது?" என்றது துடுப்பு.

ஜெயித்தார்கள். பரிசலுக்கு மாலை விழுந்தது. கடைசியாக வந்த ஓட்டைப் பரிசலோ கரை வரைக்கும் சுற்றிக்கொண்டே வந்தது. அதிலிருந்த பிள்ளைகளின் கூச்சலில் மேளச் சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாரும் அந்த ஓட்டைப் பரிசலில்தான் ஏறினார்கள். "அது ஜெயிக்கிற பரிசல்டா, சுத்தாது," என்றான் ஒருவன்.

பரிசல் காலியாகவே நடு ஆற்றுக்குப் போய், மெல்ல ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. வாடிய மாலையும் கூடவே சுற்றியது. கூச்சல் போடத்தான் உள்ளே ஆளில்லை.