சிவப்பு மாறாத குப்பி

ஆவுடையம்மாள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்த புற்றுக்கட்டியின் செல்கள் மட்டும் ஆய்வகத்தில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தெவசத்தன்றும் படையலை முடித்த கையோடு அவள் கணவர் கோமதிநாயகம் அவற்றைப் பார்க்க வந்துவிடுவார். ஆராய்ச்சியாளர் பர்வீனுக்கு இலையில் மடித்த இரண்டு உளுந்து வடையும் வரும். உள்ளே எதையும் தின்னக் கூடாது என்பதால் அவள் அதை வாசலிலேயே வாங்கி வைப்பாள். பிறகு கதகதப்பான பெட்டியைத் திறந்து தட்டையான சின்னக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டுவாள். செல்களுக்கு உணவாக ஊற்றும் சிவப்புத் திரவம், அவை தின்னத் தின்ன மஞ்சளாகும். முதல் வருடம் இதைச் சொன்னபோது, "கடைசி ரெண்டு மாசம் ஒரு வாய் கஞ்சி எறங்கலம்மா அவளுக்கு" என்றார். மஞ்சளைப் பார்த்ததும் தலையாட்டிக்கொண்டே போனார். அடுத்த வருடமும் அப்படித்தான்.

இந்த வருடம் பர்வீன் அவர் வரவுக்காகக் காத்திருந்தாள்.

"புது மருந்து ஒண்ணு செஞ்சிருக்கோம் ஐயா. மூணு நாளைக்கு முன்னாடி அம்மாவோட செல்லுலதான் மொதல்ல விட்டுப் பாத்தோம். நல்லா கேட்டிருக்கு."

குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். ஊற்றிய நாளன்று இருந்த அதே சிவப்பு. அந்த நிறத்துக்காகத்தான் இத்தனை வருடப் பாடு.

கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, சாப்பிடலியா அவ?"