அச்சில் சுற்றிய முடி

சாண் நீளமுள்ள அந்தப் பழைய பொம்மை ரயில் எஞ்சினைச் சபாபதி என்பவரிடமிருந்து வாங்கி வந்தான் எட்வின். வளைவுக்கு வளைவு அது திணறி நின்றது. கழற்றிப் பார்த்தால், சக்கரத்தின் அச்சில் முடி சுற்றிக் கிடந்தது. இடுக்கியால் இழையிழையாகப் பிடுங்கிக் குப்பையில் போட்டான். எண்ணெய் விட்டு, புதிதாகக் கறுப்புச் சாயமும் பூசியபின் எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தப் பெருமையில் வீடியோ எடுத்துச் சபாபதிக்கு அனுப்பினான்.

மறுநாளே அவர் வந்து நின்றார். ஓடும் எஞ்சினைப் பார்க்கவேயில்லை.

“நிக்காம ஓடுதேன்னு பாத்தேன் தம்பி. அப்பத்தான் ஒறச்சுது. உள்ள முடி இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்.”

“எம்பொண்ணு தண்டவாளத்துகிட்டயே தலைய வச்சுப் படுத்து வேடிக்கை பாப்பா. அவ உடம்புல மிச்சம் இருக்கறது அதுதான். குடுங்க, எடுத்துட்டுப் போறேன்.”

குப்பை வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது.

“எடுத்து வச்சிருக்கேன் சார்” என்று உள்ளே போன எட்வின், மனைவியின் சீப்பிலிருந்து கோரை முடியை உருவி, எஞ்சின் எண்ணெயில் புரட்டிக் கொண்டுவந்து கொடுத்தான்.

சபாபதி அதை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“அவளுக்குச் சுருட்ட முடி” என்றார்.

பிறகு அதைக் கைக்குட்டையில் வைத்து முடிந்துகொண்டார்.