பர்ஹாப்ஸுக்கு மேலே ப்ராபப்ளி

“கண்டிப்பான்னா டெஃபனட்லி. அநேகமான்னா ப்ராபப்ளி. நடக்கலாம், நடக்காமலும் போகலாம்னா பர்ஹாப்ஸ். துளியூண்டு வாய்ப்புன்னா பாஸிப்ளி.”

ஐரின் நான்கையும் போர்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுத் திரும்பினாள்.

தி.நகரில் பாத்திரக்கடைக்கு மேல்மாடி. கீழே குக்கர் மூடிகள் உருள்கிற சத்தத்தை மீறித்தான் அவள் தினமும் காலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறாள்.

ஜோடி ஜோடியாகப் பேசச் சொன்னாள். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் இந்த நான்கில் ஒன்றை வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் ஜோடி அமைந்து, இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

ஒருவர் உமர் ஃபாரூக். சிந்தாதிரிப்பேட்டையில் எலக்ட்ரிகல் கடை. பாதி பாடம் முடிந்த பிறகு போன வாரம்தான் சேர்ந்தார். சாயங்காலம் புது பேட்ச் தொடங்குகிறது என்று ஐரின் எவ்வளவோ சொல்லியும், இந்த பேட்ச்தான் வேண்டும் என்று நின்றுவிட்டார்.

இன்னொருத்தி ஆதம்பாக்கத்திலிருந்து வரும் மஹ்விஷ். முதல் வரிசை. பின்னால் திரும்பிப் பார்க்கிற பழக்கமே இல்லாதவள்.

சங்கடப்படுவாளோ என்று ஐரின் தயங்கினாள். மஹ்விஷ் தானாகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“வில் யூ ஈட் பிரியாணி டுடே?” என்றார் உமர்.

“பாஸிப்ளி.”

வகுப்பு சிரித்தது.

“வில் யூ பி ஆங்ரி டுமாரோ?”

“ப்ராபப்ளி.”

பரவாயில்லையே, இடம் பார்த்துப் போடுகிறாளே என்று ஐரினுக்குச் சந்தோஷம். உமருக்குத்தான் ஃபேனுக்கு நேர் கீழேயும் வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“வில் யூ கம் ஹோம்?”

ஐரினுக்குச் சுருக்கென்றது. பழகி ஒரு வாரம்கூட ஆகாத பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கோபத்தை இலக்கணத்தில் மடித்து வைத்தாள்.

“வெறும் ஹோம்னா அவங்களோட சொந்த வீடுன்னு அர்த்தமாயிடும் சார். உங்க வீட்டுக்குக் கூப்பிட்டா ‘டு மை ஹவுஸ்’னு சொல்லணும்.”

உமர் ஐரினைப் பார்க்கவே இல்லை.

“வில் யூ கம் ஹோம்?” என்றார் மறுபடி, இன்னும் மெதுவாக.

மஹ்விஷ் போர்டைப் பார்த்தாள். கண்கள் கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஒரு படி ஏறின.

“பர்ஹாப்ஸ்.”

உமரின் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

“பர்ஹாப்ஸ்னா பாதிக்குப் பாதிதான் சார்,” என்றாள் ஐரின். “அதுவுமில்லாம, உங்க கேள்வி இன்னும் தப்பாத்தான் இருக்கு.”

“சரியாத்தான் கேட்டாரு மிஸ்,” என்றாள் மஹ்விஷ், துப்பட்டாவைச் சரிசெய்தபடி. “நான் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்ல போய் உக்காந்துட்டேன். அதுக்காக இவரு இருக்கற வீடு எங்க வீடு இல்லன்னு ஆயிடுமா?”