மேல்தட்டு விளக்கு

கனமான சாமான் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில் அந்தப் படப்பிடிப்பு அரங்கின் லைட்மேன் மகா கறார். "யார் தலையில போடப் பாக்குறே?" என்று ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் மனைவியிடமே எரிந்து விழுவார். அவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது.

ஒரு நாள் மறதியாக அவள் பெரிய விளக்கை மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனாள். காலையில் அது கீழே இருந்தது. சாவி அவளிடம் மட்டும்தான் உண்டு. அதன்பின் தினமும் ஏணி போட்டு, மூச்சிரைக்க, அதை வேண்டுமென்றே மேலே ஏற்றினாள். காலையில் தவறாமல் கீழே இருக்கும்.

நேற்று ஏணியிலிருந்து வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். "இதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நாளைக்கும் வாங்க" என்று காலி அறையிடம் சொல்லிவிட்டுப் பூட்டினாள்.

இன்று விளக்கு கீழே இருந்தது. ஏணி மூலைக்கு நகர்த்தப்பட்டு, சுவர்க் கம்பியோடு கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. அவர் ஒருவருக்கே போடவும் அவிழ்க்கவும் தெரிந்த முடிச்சு.